எதிர்ப் பக்கத்துக்குப் பேசியவள்

எங்கள் பேராசிரியர் பகலவன் சாருக்கு மூளை இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மனுஷன் கச்சிராயபாளையத்தில் ஒரு வாரம் குடியிருந்து பார்த்துவிட்டு வகுப்பெடுக்கட்டும் என்று இன்றைக்கும் பொருமிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானும் எழில்மதியும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கையில் பிஎச்.டி. சேர்ந்தவர்கள். சேர்ந்ததும் ஆராய்ச்சியில் குதித்துவிட முடியாது. முதல் வருடம் கோர்ஸ் ஒர்க். ஆய்வுமுறை, புள்ளியியல், கொள்கை உருவாகும் விதம் என்று கட்டாயத் தாள்கள். ஒன்றில் கோட்டைவிட்டாலும் பதிவு ரத்து. கொரோனாவால் எல்லாம் ஆன்லைன். எனக்கென்ன குறை, கள்ளக்குறிச்சி டவுனில் அத்தாவின் செருப்புக் கடைக்கு மேலேயே வீடு, வைஃபை உண்டு. எழிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் அப்பா வேடியப்பன், கச்சிராயபாளையத்தில் கோமுகி அணைப் பக்கம் ஆதிமூலம் என்பவரின் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அவர்கள் குடியிருந்த குடிசையும் ஆதிமூலத்தின் நிலத்தில்தான் இருந்தது. கல்வராயன் மலையடிவாரத்தில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஆதிமூலத்தின் மோட்டார் கொட்டாயில் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும், சார்ஜ் போடவும் வசதி. அங்கே உட்கார்ந்து, மோட்டார் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்திப் படித்தவள் எழில். எங்கள் பேட்சில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்த மார்கழியில்தான் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கிளர்ச்சி. வி.ஏ.ஓ. ஆபீஸ்களில் மனு, சாலையில் மறியல். கச்சிராயபாளையத்தில் ஆட்களைத் திரட்டியது ஆதிமூலம், கேட்டது அவர் சாதிக்காக. அவருடைய சாதிக்கும் எழில் சாதிக்கும் காலகாலமாக எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழில் அந்தக் கோரிக்கை நியாயம் என்றே கட்டுரை எழுதினாள். “கேக்கறவங்க யாருன்னு பாக்கக்கூடாதுடி, கேக்கறது இன்னான்னு பாக்கணும்” என்றாள்.

பகலவன் சார் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்தார். அவர் வகுப்பில் ஒரு வழக்கம். மாதிரி விசாரணை நடத்துவார். நாம் எதை நம்புகிறோமோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் நின்று வாதாட வேண்டும். முடியும்வரை வேஷம் கலையக்கூடாது. நடுவில் “இது என் கருத்தில்லை” என்று ஒரு வார்த்தை விட்டால் மார்க் போச்சு. எழிலுக்கு விழுந்தது, தனி ஒதுக்கீடு கூடாது என்ற பக்கம்.

அன்றைக்கு அவள் பேசினாளே பேச்சு! எனக்கு மாடியில் உட்கார்ந்தே புல்லரித்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்க்ரீனில் அவளுக்குப் பின்னால் கொட்டாய் வாசலில் ஒரு தலை தெரிந்தது. ஆதிமூலத்தின் அக்கா மகன் பழனி. கையில் செல்போன். “இன்னா பேசிக்கினு கீற?” என்று கேட்டான். அந்த நேரத்தில் “படிப்புக்காகப் பேசறேன்” என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். எங்கள் எழில் மார்க்கு போய்விடும் என்று கையை அசைத்துவிட்டு வாதத்தைத் தொடர்ந்தாள். முழு மார்க் வாங்கினாள். பாவி!

மறுநாள் அந்த வீடியோ எல்லார் செல்போனிலும் இருந்தது. ‘நம்ம சோத்தத் தின்னுட்டு நமக்கே எதிரா’ என்று தலைப்பு வேறு.

நான் சாருக்குப் போன் போட்டேன். அது வகுப்புப் பயிற்சிதான் என்று துறையிலிருந்து நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். “ஜெபீனா, டிபார்ட்மெண்ட் இதுல நுழைஞ்சா அரசியலாயிடும். நீங்க அங்க நடக்கறத நல்லா டாக்குமெண்ட் பண்ணுங்க, அருமையான டேட்டா” என்றார். டேட்டாவாம். அப்படியே போனைச் சுவரில் அடிக்கலாமா என்றிருந்தது.

அத்தா கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் போனேன். ஆதிமூலத்தின் களத்தில் கூட்டம். அவர் நாற்காலியில், எதிரே வேடியப்பனும் எழிலும் நின்றுகொண்டு.

“கலீலுல்லா பாய் பொண்ணா? வாம்மா, ஒக்காரு” என்று எனக்கு மட்டும் நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. நடந்ததையெல்லாம் படபடவென்று சொன்னேன். வகுப்பு, வேஷம், மார்க், எல்லாம். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“செரி. அப்போ அவ மனசுல இன்னா இருக்குன்னு அவளே சொல்லட்டும்.”

எனக்கு உயிர் வந்தது. அவள் மனசில் இருப்பதுதான் அவருக்கு வேண்டியது, அப்புறம் என்ன? எழில் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் கட்டுரையில் எழுதிய அதே வார்த்தைகள்.

“பெரிய பந்தியில எல்லாருக்கும் ஒண்ணா எல போட்டா, கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள சோறு தீந்துடுதுங்க. அதனால தனியா எல போடச் சொல்றது நாயம். நீங்க கேக்கறது நாயம். நான் அப்படித்தான் நெனச்சேன், அப்படித்தான் எழுதினேன்.”

பழனி சிரித்தான். “பயத்துல பேசறா மாமா.”

ஆதிமூலம் சிரிக்கவில்லை. “அன்னிக்கும் நல்லாத்தான் பேசின. இன்னிக்கும் நல்லாத்தான் பேசற. எத நம்பறது? மோட்டார் கொட்டாயில யாரும் ஒன்ன மெரட்டல பாப்பா. அங்க பேசினதுதான் நெசம்.”

“யோவ், அதுதான்யா பொய்!” என்று நான் கத்தினேன். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேடியப்பன் அதற்குள் அவர் காலடியில் குப்புற விழுந்திருந்தார். “அறியாப் புள்ளைங்க” என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. எழில் அப்பாவைத் தூக்கப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டுக் கிடந்தார்.

“தை பொறக்கறதுக்குள்ள வூட்ட காலி பண்ணிடு” என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் உள்ளே போய்விட்டார்.

அடிவாரத்தில் யாரும் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை. வெள்ளிமலைக்கு மேலே மரவள்ளி பிடுங்கப் போனார்கள். அங்கே போனில் ஒரு கோடுகூட வராது. எழிலின் வருகைப்பதிவு சரிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம் பகலவன் சாரே கூப்பிட்டு, ஆன்லைனில் வந்து பதில் சொன்னால் வருகைப்பதிவைப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்றார். நல்ல மனசுதான், எப்போது வந்தது பாருங்கள். நான் பஸ் ஏறி மலைக்குப் போனேன்.

காட்டில் குனிந்து கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கறுத்து, பாதியாகியிருந்தாள்.

“எங்க மாடியில தங்கிக்கடி. அத்தா கிட்ட சண்ட போட்டு சம்மதம் வாங்கிட்டேன். உன் கட்டுரையப் பத்திதான் கேப்பாங்க. நீ தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவ.”

“இன்னா கேப்பாங்க?”

“இன்னாத்த கேப்பாங்க, உன் கருத்து இன்னான்னு கேப்பாங்க.”

அவள் கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் தட்டினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கே தெரியலடி ஜெபி. நாயம்னு நெனைக்க ஆரம்பிச்சாலே எங்கப்பா குப்புற கிடக்கறதுதான் வருது. அத நான் யோசிச்சு எழுதினேனா, இல்ல சின்ன வயசிலேருந்து அவங்களுக்குப் பயந்து பயந்தே அப்படி நெனச்சேனா? ஒக்காந்து பாத்தேன். பிரிக்க முடியல.”

“லூசு மாதிரி பேசாத. நீ எழுதினப்போ உன்ன யாரு மெரட்டினா?”

“அன்னிக்கு களத்துல அவரும் அதத்தான் சொன்னாரு” என்றாள் எழில்.

அவள் கிழங்கைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். நீ வந்த பஸ் ஒன்றுதான் கீழே போகும், சீக்கிரம் போ என்றாள்.