முதிராத இருபத்தாறு பேர்

வியாழக்கிழமை நான் கொன்ற பதினான்காம் எண் பெண் எலி, வெள்ளிக்கிழமை எங்கள் துறையின் அலுவலராகப் பொறுப்பேற்றார். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. என்னைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

நான் அங்கே ஆராய்ச்சி மாணவன். எலிகளுக்கு ஹார்மோன் ஊசி போடுவது என் வேலை. முதல் ஊசி வயிற்றுக்குள் இருக்கும் கருமுட்டைகளை வளரவைக்கும். இரண்டு நாள் கழித்துப் போடும் இரண்டாவது ஊசி அவற்றை முதிரவைத்து வெளியே அனுப்பும். ஊசி போடாத எலிக்கு எட்டோ பத்தோ முட்டை வரும். பதினான்காம் எண்ணிடமிருந்து நான் நாற்பத்து மூன்று எடுத்தேன். எடுக்க வேண்டுமென்றால் எலியைக் கொல்ல வேண்டும். அதற்கு அனுமதி இருந்தது.

அலுவலர் அறைக்குப் போகும் நடைவழி நேற்றுவரை நாற்பது அடி. இன்று முக்கால் மணி நேரம் நடந்து பாதியைத்தான் தொட்டேன். அங்கே பிலோமினா அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். எலிகளுக்குத் தீனி வைப்பவர் அவர்தான்.

"இன்னும் நீளுமா அக்கா?"

"நீ நோட்டுல என்ன எழுதினேங்கிறதைப் பொறுத்து."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவங்க வயித்துல இருந்ததுப்பா. தெரியாதா?"

அதற்கப்பால் சுவரோரம் பெஞ்சுகள். நாற்பத்து மூன்று முட்டைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆளுயரம். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. பதினேழு பேரின் பக்கத்தில் சின்ன மூட்டை இருந்தது. முதிர்ந்த முட்டையின் ஓரத்தில் அப்படி ஓர் உருண்டை ஒட்டியிருக்கும். அதை வைத்துத்தான் எண்ணுவோம். மற்ற இருபத்தாறு பேரிடம் ஒன்றும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வேகமாகத் தாண்டிப் போனேன்.

நாற்காலி அலுவலருக்குப் பெரிதாக இருந்தது. அதனால் மேசையில் கிடந்த என் பதிவேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வயது எட்டு வாரம். என் அம்மாவைவிட மூத்தவராகத் தெரிந்தார்.

"முதிர்ந்தது எத்தனை?"

"நாற்பத்து மூணு மேடம்."

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். காத்திருந்தார்.

"பதினேழு," என்றேன்.

"மருந்து?"

"ரெண்டு மடங்கு போட்டேன். எண்ணிக்கை கூடினா பேராசிரியர் சந்தோஷப்படுவார்னு."

"பட்டாரா?"

"கை குலுக்கினார்."

அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கொன்றதைப் பற்றிக் கேட்பார் என்று பயந்திருந்தேன். கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

"உங்க பதிவேட்டுல முதிராத முட்டையே கிடையாது," என்றார். "அதனால அந்த இருபத்தாறு பேரும் இல்லை. இல்லாதவங்களை வீட்டுக்கு அனுப்ப விதி இல்ல." ஒரு தாளை மூக்கால் தள்ளினார். இருக்கிறார்கள் என்பதற்கான விண்ணப்பம். "காரணத்தை நீங்க எழுதணும். எழுதினதை அவங்க முன்னாடி படிக்கணும். பேராசிரியருக்கு ஒரு நகல் போகும்."

"என் பட்டம் போயிடும் மேடம்."

"போகலாம்."

நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது நடைவழி மறுபடி நாற்பது அடிக்குச் சுருங்கியிருந்தது. எங்கே நின்றாலும் எல்லோருக்கும் என் முகம் தெரிந்தது.

படித்தேன். "நீங்கள் முதிரவில்லை. முதிர்ந்ததாக நான் எழுதினேன். மருந்தை அளவுக்கு மீறிப் போட்டேன். உங்களுக்கு நேரம் வருமுன்பே வெளியே தள்ளிவிட்டேன்."

ஓரத்தில் இருந்த ஒன்று கேட்டது.

"அப்ப நாங்க சரியா வளராதது எங்க தப்பு இல்லையா?"

"இல்ல."

"கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா?"

"இல்லம்மா. என் தப்பு."

பக்கத்தில் இருந்தது அழ ஆரம்பித்தது. "காலையிலேர்ந்து அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தோம்," என்றது.

அலுவலர் வாசலுக்கு வந்து நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை.

"இன்னொரு தடவை படிங்க," என்றது கடைசி பெஞ்சு. "எங்களுக்குச் சரியா கேக்கல."

சத்தமாகப் படித்தேன்.