எலிக்குக் கேட்ட மருந்து

பக்கவாதம் வந்து காளியாத்தாளுக்கு வலது கையும் பேச்சும் போனதிலிருந்து அவள் புருஷன் சின்னண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாமக்கல் டாக்டர், "மெதுவாத்தானுங்க சரியாகும், பொறுத்திருங்க" என்றார். பொறுமைக்கும் சின்னண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். மனுஷன் கோழிப்பண்ணைக்காரர். ஷெட்டில் ரெண்டு கோழி தலையைத் தொங்கப்போட்டால், குடிதண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அந்தக் கை சும்மா இருக்குமா?

சேலத்தில் பார்மசி படிக்கும் மகள் சண்முகப்பிரியா ஊருக்கு வந்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சொல்லித் தொலைத்தாள்.

"மூளைக்கு ரத்தம் கொறஞ்சா அங்க அழற்சி வந்துருதுங்கப்பா. புதுசா மொளைக்கிற செல்லெல்லாம் அதுலயே செத்துப்போகுது. எலிக்கு வீக்கத்தக் கொறைக்கிற வலி மாத்திரை குடுத்தா, அதுல நெறையப் பொழைச்சுக்குதாமா."

"நம்ம மூட்டு வலிக்குத் திங்கறமே, அதா சாமி?"

"அந்த ரகந்தான். ஆனா எலிக்குத்தானுங்கப்பா. மனுசருக்கு ஆகுமான்னு தெரியாது. அம்மா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற திங்கறாங்க. நீங்க பாட்டுக்கு எதையும் குடுத்தறாதீங்க."

முதல் பாதிதான் அவர் காதில் ஏறியது. எலிக்குக் கேட்ட மருந்து கோழிக்குக் கேட்கும். கோழிக்குக் கேட்பது மனுஷிக்குக் கேட்காதா? மகள் பஸ் ஏறியதும் மெடிக்கலில் அந்த வலி மாத்திரையை வாங்கிவந்து, நுணுக்கி, மோரில் கலக்கி வேளாவேளைக்குக் கொடுத்தார். வயிறு எரிகிறது என்று சொல்ல அவளுக்கு வாயில்லை. கேட்க இவருக்குத் தோன்றவில்லை.

வாரம் திரும்புவதற்குள் அவளுக்கு மலம் தார் போலக் கறுத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏனுங்க, வேற மாத்திரை எதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சின்னண்ணன் மறைக்காமல் சொன்னார்.

"அதனாலதான் வயித்துல ரத்தம் கசியுதுங்க. உறையாம இருக்கக் குடுத்ததையும் இப்ப நிறுத்தோணும். நிறுத்துனா மூளையில மறுபடி அடைக்கலாம்."

"நான் என்னங்க பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. பக்கத்துல சும்மா இருங்க, போதும்."

இத்தனை வயதுக்கு அவருக்குப் பழகாத வேலை அது ஒன்றுதான். பாவி, நானே கொன்றுவிடுவேன் போலிருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெறுங்கையோடு போய்க் கட்டிலோரம் நின்றார்.

புருஷனைப் பார்த்ததும் காளியாத்தாள், மருந்து கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, கோணிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தாள்.