தறி நின்ற சனிக்கிழமை

ஃப்ளோரன்ஸ் வெல்ஷ் பாஷை பேசுவாள் என்றால் ஆரணியில் யார் நம்புகிறார்கள்? "வேல்ஸா, வேலூரா? வேலூருக்குன்னு தனி பாஷை ஏதுமா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவள் கணவன் கிருபாகரன் அதற்கும் ஒரு படி மேலே போவான். பட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறவன் அவன். "சம்பளம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வாராவாரம் போன்ல கத்திகினு கெடக்குற. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

இன்னாத்துக்கா? இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனவள் அவள். அங்கே நெஸ்டா என்றொரு கிழவி. மறதி நோயில் இங்கிலீஷ் மொத்தமும் போய்விட்டது, பிறந்த மொழியான வெல்ஷ் மட்டும் மிச்சம். அவளுக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டுவதற்காக ஃப்ளோரன்ஸ் ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டாள். கிழவி செத்தாள், இல்லத்தை மூடினார்கள், விசா முடிந்தது. ஊர் திரும்பியவள் கையில் ஒரு பெட்டி, வாயில் யாருக்கும் புரியாத ஒரு பாஷை.

அப்போதுதான் இணையத்தில் அந்தக் குழு கிடைத்தது. உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வெல்ஷ் கற்கிறவர்கள் சேர்ந்த குழு. புதிதாகக் கற்கிறவர்களோடு பேசிப் பழகத் தன்னார்வலர்கள் தேவை என்றார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அவளுடையதானது.

முதல் வாரமே ஒரு கூத்து. வெல்ஷ்காரர்கள் விடைபெறும்போது "ஹுயில் வவுர்" என்பார்கள். நம் வாயில் அப்படி வருமா? "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே வெல்ஷாக்கி "மின்ட் அ டோட்" என்று சொல்லிவிட்டாள். அதற்கு அந்த பாஷையில் அங்கும் இங்குமாக அலைவது என்றுதான் அர்த்தம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கனடாவில் தனியாக இருக்கும் எம்ரிஸ் என்ற பெரியவர் மட்டும் விளக்கம் கேட்டார். எங்கள் ஊரில் வெறுமனே போகிறேன் என்று சொல்ல மாட்டோம், திரும்பி வருவேன் என்றும் சேர்த்துத்தான் சொல்வோம் என்றாள். அதிலிருந்து அந்தக் குழுவில் யாருமே "ஹுயில் வவுர்" சொல்வதில்லை. எல்லோருக்கும் "மின்ட் அ டோட்"தான்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கும்வரை நாலு பேர் காத்திருந்தார்கள். இந்த வீட்டில் அவள் பேச்சை யார் முடிய விட்டார்கள்? அது மட்டும் இல்லையென்றால் என்றைக்கோ பைத்தியம் பிடித்திருக்கும் அவளுக்கு.

ஒரு நாள் அழைப்பு வந்தது. தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லும் சிறப்புக் கூட்டம், குடும்பத்தோடு கலந்துகொள்ளலாம். பாவி மனுஷி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு தெய்வநாயகியிடம் போய், "அக்கா, ஒரே ஒரு மணி நேரம் தறிய நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள். அவள் வீட்டு விசைத்தறி ஓடினால் இந்த வீட்டுச் சுவரே அதிரும்.

"உனக்கு மரியாதை பண்றாங்கன்னா நிறுத்தாம இன்னா? நானும் வரேன் பாக்க" என்றாள் தெய்வநாயகி.

அந்தச் சனிக்கிழமை கேசரி கிண்டியாயிற்று. கிருபாகரன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தான். ஃப்ளோரன்ஸ் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். திரையில் ஷான் வந்தாள். குழுவை நடத்துகிற வெல்ஷ் பெண்மணி. "ஃப்ளோரன்ஸ், ஆரணி" என்று அவள் சொன்னதும் தெய்வநாயகி படபடவென்று கைதட்டினாள். "ஆரணின்னு சொன்னாங்க பாரு!"

பிறகு ஷான் வெல்ஷில் நிதானமாகப் பேசினாள். அடுத்த வாரத்திலிருந்து கற்கிறவர்களோடு உங்களுக்குப் பதிலாக ஒரு கணினிக் குரல் பேசும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வரும், சலிக்காது, தப்பு விடாது. இத்தனை காலம் நேரம் கொடுத்த உங்களையெல்லாம் மறக்க மாட்டோம். இது உங்களை வழியனுப்பும் கூட்டம்.

அந்த அறையில் அது புரிந்தது ஃப்ளோரன்ஸ் ஒருத்திக்குத்தான்.

"இன்னா சொல்றாங்க?" என்று கிருபாகரன் காதோரம் கேட்டான்.

"என்னை மாதிரி யாரும் இல்லன்னு சொல்றாங்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. "அடேங்கப்பா" என்றான். கிண்டலே இல்லை.

கூட்டம் முடிகிற நேரம். ஃப்ளோரன்ஸ் பழக்கத்தில் "மின்ட் அ டோட்" என்றாள். ஷான் அன்பாகத்தான் திருத்தினாள்: "இல்லை ஃப்ளோரன்ஸ், இன்றைக்கு ஹுயில் வவுர்." எல்லோரும் அதையே சொன்னார்கள். எம்ரிஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் திரை அணைந்தது.

தெய்வநாயகி கேசரியை வழித்துக்கொண்டே எழுந்தாள். "இம்மாம் பெரிய வேலைன்னு தெரியாம போச்சே. இனிமே சனிக்கெழம ஆறு மணிக்கு தறி ஓடாதுமா. நான் எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிடறேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கிருபாகரன் முகத்தைப் பார்த்தாள். "சரிங்கக்கா" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை சொன்னபடியே தறி நின்றது. சுவரின் அதிர்வு அடங்கி, வீடு முழுக்க அப்படியொரு அமைதி. கிருபாகரன் டிவியை அணைத்துவிட்டு, அறைக் கதவை அவனே பார்த்துச் சாத்தினான்.

ஃப்ளோரன்ஸ் அணைந்த போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேசாமல் இருந்தால் வெளியே தெரிந்துவிடும். சாப்பிட்டீர்களா என்று வெல்ஷில் கேட்டாள். பதில் சொல்ல ஆகிற நேரம் காத்திருந்தாள். பிறகு கொஞ்சம் சிரித்தாள். அங்கே பனி விழுகிறதா எம்ரிஸ் என்று சற்று உரக்கக் கேட்டாள். கறுத்த திரையில் அவள் முகம் மட்டும்தான் இருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருபாகரனின் குரல் கேட்டது, தொந்தரவு செய்துவிடுவோமோ என்று தணிந்த குரல்.

"ஃப்ளோரன்ஸு, எல்லாரையும் நான் கேட்டேன்னு சொல்லு."