சுத்த வில்லன் இல்லை

எங்கள் சபையில் ஒரு வில்லன் தப்பிக்க வேண்டுமென்றால், அவன் ஒரே ஒரு நல்லது செய்திருந்தால் போதும். ஊரையே கொளுத்தியிருக்கலாம், பெற்ற தாயைச் சிறையில் தள்ளியிருக்கலாம். எங்கேயாவது ஒரு இடத்தில் பிரதிபலன் பாராமல் ஒருவருக்கு நல்லது செய்துவிட்டான் என்றால் அவன் 'சுத்த வில்லன்' இல்லை. இந்த விதியை எழுதியவர் நீதிபதி. நிஜத்தில் அவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் தீர்ப்பைத் தட்டித் தட்டி அந்த மிடுக்கு அவருக்கும் ஒட்டிக்கொண்டது. நாங்களும் போனால் போகட்டும் என்று பட்டம் கொடுத்துவிட்டோம்.

சபை கூடுவது என் கடையில். சோபா பழுது பார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாடிக்கையாளர்களின் சோபாக்களிலேயே உட்கார்ந்துகொள்வோம். நீதிபதி எப்போதும் வேலை முடிந்த நல்ல சோபாவாகப் பார்த்துப் பிடித்துவிடுவார். மருந்துக்கடைக்காரிக்கு என்று வந்து வாய்ப்பது ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும் சோபாதான். பேருந்து ஓட்டுநர் அண்ணன் மட்டும் ஸ்பாஞ்ச் கட்டின் மேல் சம்மணம் போட்டு உட்காருவார். வாரமெல்லாம் சீட்டில் உட்கார்ந்தவனுக்கு இன்னொரு சீட் வேண்டாம் என்பார்.

டிவி தொடர், துப்பறியும் நாவல், படக்கதை எதுவாக இருந்தாலும் சரி. ஒருவர் ஒரு வில்லனைக் கொண்டுவந்து அவன் செய்த அக்கிரமங்களைச் சொல்வார். இன்னொருவர் முறை வைத்து அவனுக்கு வக்காலத்து வாங்குவார். வக்காலத்து வாங்குபவர் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், கொண்டுவந்தவர் பொய் சொல்லக் கூடாது. ஒருமுறை அணையைத் திறந்து ஊரை மூழ்கடித்த ஒருவன் வந்தான். அவன் தப்பித்துப் போகும் வழியில் வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கக் காரை நிறுத்தியதாகக் கதையில் ஒரு வரி இருந்தது. ஓட்டுநர் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். ஹார்ன் அடித்தானா என்றார். இல்லை. அவ்வளவுதான், முப்பது வருஷமாக ரோட்டில் இருக்கிறேன், ஹார்ன் அடிக்காமல் காத்திருக்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை என்று மேடைப் பேச்சே பேசி அவனைக் காப்பாற்றிவிட்டார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது.

அந்த ஞாயிறு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தங்கை மாவுக்கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். அவள் விழுந்த கதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் நடந்தது, ஒரு நாள் குளியலறை, ஒரு நாள் படிக்கட்டு. நான் விடாமல் குடைந்த பிறகு வாயைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரன் அவள் கையைப் பிடித்துக் கதவு இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறான். அதற்கு முந்தைய கதைகளும் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் மனுஷனே இல்லை, ராட்சசன் என்று நான் சொல்லாத நாளில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் அவன் பக்கம் சாய்ந்தாள். நீ ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறாய் அக்கா என்பாள். அன்றைக்கு இருட்டுவதற்குள் அவன் அவளைக் கூட்டிப்போக வருவதாக இருந்தது. அவனோடு போவாளா மாட்டாளா என்று அவள் அவனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

கடைக்கு மேலே மாடி வீட்டில் அவளை போனோடு தனியாக விட எனக்குப் பயம். அதனால்தான் சபைக்கு இழுத்து வந்தேன். இதற்கு முன்பும் இரண்டொரு தடவை வந்து மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைக்கு என்ன ஆனது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. விழுந்துவிட்டாள் என்று நானும்தான் சொல்லிவைத்திருந்தேன்.

அன்று வில்லனைக் கொண்டுவர வேண்டியவள் மருந்துக்கடைக்காரி. கடையில் கூட்டம், ஒன்றும் தேறவில்லை என்று கையை விரித்தாள். அப்போது தங்கை, தான் ஒருவனைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எந்தக் கதை என்று நீதிபதி விசாரித்தார். எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்தது, பேர் ஞாபகமில்லை என்றாள்.

அவள் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. மனைவியின் போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கணவன். அவள் வெளியே போனால் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்க்கிறவன். சாப்பாட்டில் உப்பு கூடினால் தட்டை எறிய மாட்டான், அவளை முன்னால் உட்கார வைத்து முழுப் பாத்திரத்தையும் தின்ன வைப்பான். இதையெல்லாம் அவள் அடுத்த வீட்டுக்காரி கதையைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். கதவு இடுக்கை மட்டும் சொல்லவில்லை, தள்ளிவிட்டுக் கையை உடைத்தான் என்றாள்.

நான் அப்போதே எழுந்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, ஏனென்றால் எனக்கு ஆசை வந்துவிட்டது. நான் ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியதை இந்த மூன்று பேரும் சேர்ந்து சொல்லப்போகிறார்கள். அக்கா சொன்னால்தானே பொறாமை, கோபம், ஒருபக்கம். சபை சொன்னால் இவள் நம்பித்தானே ஆகவேண்டும். மருந்துக்கடைக்காரி கேட்கக் கேட்க உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

வக்காலத்து வாங்கும் முறை ஓட்டுநர் அண்ணனுடையது. நல்ல மனுஷன், பேருந்தில் ஓடிவருகிற கிழவிக்காக வண்டியை நிறுத்தி அதிகாரியிடம் பேச்சு வாங்குகிறவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவன் அவளுக்கு உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொண்டானா என்று ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டான், காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டான் என்றாள். மருந்துக்கடைக்காரி விடவில்லை. அது செல்லாது, அவள் எழுந்தால்தானே அவனுக்குச் சோறு, அது சுயநலம் என்றாள். அவள் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போலிருந்தது எனக்கு. நீதிபதியும் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். அவன் மன்னிப்புக் கேட்டானா என்றார் அண்ணன். அழுதான் என்றாள். அழுகையும் தள்ளுபடி ஆனது.

"சரிம்மா. அவளை விடு. வேற யாருக்காவது, தனக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரிஞ்சும், ஏதாவது பண்ணியிருக்கானா?"

தங்கை என்னைப் பார்த்தாள். "அவளோட அப்பாவுக்குப் பண்ணான். ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓடல. அப்பாவைத் தோள்ல தூக்கிட்டு அத்தனை மாடியும் இறங்கினான். அவர் அவன் சட்டையிலயே வாந்தி எடுத்தார். முகம் சுளிக்கல."

அது உண்மை. அந்தப் படிக்கட்டில் பின்னாலேயே எங்கள் அப்பாவின் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் நான்தான். அப்பா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அன்றைக்கு நானே மனசுக்குள் அவனைக் கும்பிட்டேன்.

ஓட்டுநர் அண்ணன் ஸ்பாஞ்ச் கட்டின் மேல் ஒரு துள்ளுத் துள்ளினார். போதுமா நீதிபதி அய்யா, சாகக் கிடக்கிற கிழவனால் அவனுக்கு என்ன லாபம், சொத்து சுகம் ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் தங்கை. மருந்துக்கடைக்காரி, அதெல்லாம் சரி, கையை உடைத்தவனை எப்படி விடுவது என்று முனகினாள். விடுவதா பிடிப்பதா என்பது நம் வேலை இல்லை, விதி விதிதான் என்று நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். சுத்த வில்லன் இல்லை என்று அறிவித்தார்.

ஒரு வில்லன் தப்பித்தால் கைதட்டுவது எங்கள் வழக்கம். தட்டினார்கள். தங்கையால் இரண்டு கையையும் சேர்க்க முடியாது, நல்ல கையால் முழங்காலில் தட்டினாள். அவள் முகம் தெளிந்திருந்தது. இந்த ஒரு மாதத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்க்கவே இல்லை.

"அது கதை இல்ல," என்றேன். "அது இவ புருஷன்."

கை தட்டிய சத்தம் அப்படியே நின்றது. ஓட்டுநர் அண்ணன் அவளுடைய மாவுக்கட்டை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். தெரியாமல் பேசிவிட்டேன் தாயி என்று அவர் சொன்னது யார் காதிலும் சரியாக விழவில்லை. மருந்துக்கடைக்காரி எழுந்து போய் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நீதிபதிக்கு வேர்த்துவிட்டது. மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு இடம் உண்டு, தீர்ப்பை மாற்றிவிடலாம் என்று தடுமாறினார்.

தங்கை மாட்டேன் என்றாள். "இப்ப நீங்க என் முகத்தைப் பாத்துப் பேசுவீங்க. தெரியாம சொன்னீங்களே, அதுதான் நிஜம். அதுக்காகத்தான் கதைன்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்தாலும் அறைந்திருப்பேன். அவள் மேலும் கோபம், அவர்கள் மேலும் கோபம், அந்த நாசமாய்ப்போன விதி மேல் எல்லாவற்றையும் விட அதிகமாக. எத்தனை ஞாயிறு அதை வைத்துச் சிரித்திருக்கிறோம்.

"அவன் முழுக் கெட்டவனா இருந்தாத்தான் நீ அவனை விட்டு வரணும்னு எவடி சொன்னது? பாதிக் கெட்டவன் கதவைச் சாத்தினாலும் கை உடையத்தாண்டி செய்யும்."

அவள் கோபப்படவில்லை. "அந்த மீதிப் பாதியை நான் என்னக்கா பண்றது? அதுவும் என் புருஷன்தானே?"



அப்போதுதான் அவள் வீட்டுக்காரன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு சின்னக் காகிதப் பை. என்னைப் பார்த்து, நல்லா இருக்கீங்களாக்கா என்றான். பெரியவர் என்று நீதிபதிக்குத் தனியாகத் தலையை அசைத்தான். எல்லோரும் உம்மென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரைப் பற்றிப் பேச்சு என்று சிரித்தபடி கேட்டான். உங்கள் வில்லன் சபையைப் பற்றி இவள் முன்னமே சொல்லியிருக்கிறாள் என்றான்.

தங்கை முந்திக்கொண்டு, ஒரு கதையில் வருகிற ஆள், கெட்டவன் என்று நினைத்தோம், இல்லை என்று முடிவாகிவிட்டது என்றாள். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றாள். போகப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாவம், பொழைச்சான்," என்றான் அவன்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. "நாங்க பேசினது உங்களைப் பத்தித்தான், மாப்பிள்ளை. எல்லாத்தையும் அவளே சொன்னா."

சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி அவள் அவனோடு போனால் அந்த வீட்டுக் கதவுக்குள் இதற்கும் சேர்த்து அல்லவா அவள் பதில் சொல்ல வேண்டும். என் வாய்த் துடுக்கால் அவள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன்.

அவன் சத்தம் போடவில்லை. சிரிப்புகூட முழுதாகப் போகவில்லை. அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். "நீ சொன்னியா?"

அவ்வளவுதான் கேட்டான். அவளுடைய மாவுக்கட்டுப் போட்ட கை தானாகப் பின்னால் போனது. அதோடு நிற்காமல் நல்ல கையும் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவள் அதை அறிந்து செய்யவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவனும் பார்த்தான். கடைசியில் அவளும் குனிந்து, முன்னால் தன் கைகள் இல்லாததைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

வா என்றான். அவள் அசையவில்லை. ஓட்டுநர் அண்ணன் எழுந்து வந்து அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். இன்னைக்கு வரலைங்க என்று தங்கையின் குரல் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். சரி, உடம்பைப் பார்த்துக்கொள், நாளைக்கு வருகிறேன் என்றான். கையிலிருந்த காகிதப் பையைச் சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே போனான்.

தங்கை பையைப் பிரித்தாள். உள்ளே மாத்திரை அட்டைகள் இருந்தன. எலும்பு சேர்வதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்தவை. முந்தின நாளோடு தீர்ந்துபோயிருந்தன. நான் வாங்க மறந்துவிட்டேன், அவள் எனக்கு ஞாபகப்படுத்தவும் இல்லை. அவன் நாள் கணக்கு வைத்திருந்திருக்கிறான்.

அவள் அதை மருந்துக்கடைக்காரியிடம் நீட்டினாள். "இது சரியான மாத்திரைதானா பாருங்க."

மருந்துக்கடைக்காரி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள், தேதியைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். மாத்திரை தப்பாக இருக்கவேண்டும், காலாவதி ஆகியிருக்கவேண்டும், ஏதாவது ஒன்று அவன் செய்திருக்கவேண்டும் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் தங்கைக்கு வரும் மருந்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"சரியான மாத்திரைதான்மா," என்றாள் மருந்துக்கடைக்காரி.