சாயம் போகாத தலை

இரண்டாயிரமாவது ஆண்டு ஆடி மாதக் கடைசியில், கும்பகோணத்துக்குக் கிழக்கே அரசலாற்றங்கரையில் உள்ள கீழ்மடையூரில், தண்ணீர் செல்லதுரையைத் தொடுவதை நிறுத்திக்கொண்டது. அதே மாதத்தில்தான் ஊருக்கு இரண்டாவது எஸ்.டி.டி. பூத் வந்தது. மக்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

செல்லதுரை தொண்ணூற்றிரண்டில் சிங்கப்பூர் போனவன். அப்போது ஊரில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருந்தார்கள். யாரும் போகாத வீட்டில் பெண் கொடுக்கத் தயங்கினார்கள். கப்பல் பட்டறையில் துரு சுரண்டுவது அவன் வேலை. என்ஜினியர் என்று வீட்டுக்குச் சொல்லியிருந்தான், வீடு ஊருக்குச் சொல்லியது, ஊர் நம்புவதுபோல் நடித்தது. முப்பத்தாறு வயதில் அவனுக்குத் தலை வெளுக்கத் தொடங்கியது. பெர்மிட் புதுப்பிக்கும்போது சூப்பர்வைசர் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, நரைத்த தலைகளை முதலில் கழித்துவிடுவான். செல்லதுரையின் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மன்னார்குடிக்காரர், இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்கிறவர், தலை பஞ்சாக இருந்த ஒரே காரணத்துக்காக விமானம் ஏற்றப்பட்டார். அன்று மாலையே செல்லதுரை கறுப்புச் சாயம் வாங்கினான். ஆனால் கறுப்பு அடித்தவனைப் பார்த்தால் நரைத்தவன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சிவப்பு அடித்தவனைப் பார்த்தால் வசதியானவன் என்று நினைக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. தொண்ணூற்றொன்பதில் பட்டறை ஆட்களைக் குறைத்தபோது தலை நிறம் எதையும் பார்க்காமல் எல்லோரையும் அனுப்பினார்கள். அவன் நசுக்கிய நாவல்பழ நிறத்தில் ஒரு தலையோடு ஊர் வந்து இறங்கினான். ஏழு வருடச் சம்பாத்தியத்தில் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்த நிறத்தைக் கும்பகோணத்தில் ஒரே ஒருவன்தான் போடுவான். அப்சர் நாகூர்க்காரன், சார்ஜாவில் சலூன் வேலை பார்த்துத் திரும்பி, மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாடியில் கடை போட்டிருந்தான். நாற்பது நாளுக்கு ஒருமுறை செல்லதுரை டவுன் பஸ்ஸில் போய் வந்தான். நடுவில் நிறம் மங்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டதற்கு அப்சர் எல்லோருக்கும் சொல்வதையே சொன்னான்.

“சாயத்துக்கு எதிரி தண்ணிதாண்ணே. வாரத்துக்கு ரெண்டு தடவ தலைக்கு ஊத்தினா போதும். சுடுதண்ணி வேணாம். போர்வெல் தண்ணி வேணவே வேணாம், அந்த உப்பு நிறத்தத் தின்னுடும். வெயில்ல குடை பிடிங்க.”

புத்தியுள்ளவர்களுக்கு இது போதும். செல்லதுரைக்கு எதிரி என்ற சொல் மட்டும் மனதில் தங்கியது. வாரத்துக்கு இரண்டு என்பதை ஒன்றாக்கினான், பிறகு மாதத்துக்கு ஒன்றாக்கினான், பிறகு அதையும் விட்டான். தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்க மறுத்தான். மனைவி பிரகதாம்பாளின் கல்யாணப் பட்டுப்புடவையில் ஒரு முழம் வெட்டித் தலையணைக்கு உறை தைத்தான். பருத்தித் துணி நிறத்தை உறிஞ்சிவிடுமாம். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் தொப்பியும் அதன்மேல் துண்டும் கட்டிக்கொண்டு நடந்தான். வயல் பக்கம் போவதில்லை. வயலில் தண்ணீர் இருக்கிறதே. ஊர்ப் பெரியவர்கள் முகத்துக்கு நேரே “தலை என்னமா மின்னுது” என்பார்கள், அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்புவார்கள். அவர்களில் பாதிப்பேர் மீசைக்குக் கறுப்பு மை தடவுகிறவர்கள்.

பிரகதாம்பாள் அந்த ஏழு வருடமும் நாலு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொண்டவள். நாற்றுவிட ஆள் கூப்பிடுவது, மடைக்குச் சண்டை போடுவது, அறுத்ததைக் களம் சேர்ப்பது எல்லாம் அவள்தான். அவளுக்கும் நரைத்திருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. தாழ்வாரத்தில் தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்து அவள் ஒருமுறைதான் பேசினாள்.

“யாருக்குங்க இந்த அலங்காரம்? பெர்மிட்டு குடுக்கறவன் இங்க யாரும் இல்ல.”

அவன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். வரிசையில் நிற்பதுபோலவே இன்னும் சில விடியற்காலைகளில் அவன் விழித்துக்கொள்வதை அவளிடம் சொன்னதில்லை.

ஆடிக் கடைசியில் அவன் தாய் கமலாம்பாள் செத்துப்போனாள். பெற்ற பிள்ளை ஆற்றில் முழுகி, ஈரத் தலையோடு நீர்மாலைக் குடம் எடுத்துவந்து பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும். சுடுகாட்டில் தலையை மழித்துக்கொண்டு கொள்ளி வைக்க வேண்டும். செல்லதுரை மீசையை எடுத்துக்கொள்ளச் சொன்னான். தலைக்கு மேல் கை வைக்கக் கூடாது என்றான். ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முழுக மாட்டேன் என்று கழுத்தை நீட்டியே வைத்திருந்தான். பங்காளி பஞ்சநதத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு முழுக்குப் போட மாட்டியாடா” என்று சொல்லி, ஒரு குடம் மொண்டு அவன் தலையில் கவிழ்த்தார்.

தண்ணீர் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே இரண்டாகப் பிரிந்து, இரண்டு தோளையும் தொடாமல், பக்கத்துக்குப் பாதியாக விழுந்தது. பஞ்சநதம் இன்னொரு குடம் ஊற்றிப் பார்த்தார். அதுவும் அப்படியே. பிறகு ஆறே அவனைவிட்டு விலகியது. மார்பிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் இறங்கி, கடைசியில் காய்ந்த மணலில் வட்டமாக ஓர் இடத்தை அவனுக்கு விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடியது. கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நல்ல வெயில், பிணம் தாங்காது, அதனால் ஆச்சரியப்பட யாருக்கும் அவகாசமில்லை. சித்தப்பா மகனை முழுகச் சொல்லிக் காரியத்தை முடித்தார்கள். செல்லதுரை மணலில் நின்றபடி தலையைத் தடவிப் பார்த்தான். ஒரு முடிகூட நனைந்திருக்கவில்லை. தாய் செத்த அன்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதாமல் விட முடியாது.

சந்தோஷம் ஒரு மாதம் நீடித்தது. தொப்பியையும் துண்டையும் எறிந்துவிட்டு மழையில் நடந்தான். வீட்டில் சின்னச் சிரமங்கள் இருந்தன. செம்பில் உள்ள தண்ணீர் அவன் கை பட்டால் சுவரேறும். ஆனால் காப்பியாகவோ ரசமாகவோ மாற்றிக் கொடுத்தால் தண்ணீருக்குத் தன்னையே அடையாளம் தெரியாமல் அவனுக்குள் இறங்கிவிட்டது. கும்பகோணத்தில் அப்சர் சாயத்தைப் பூசிவிட்டு, குழாயைத் திறந்து, பீங்கான் தொட்டியைவிட்டுத் தண்ணீர் தாவி ஓடியதைப் பார்த்தான். சார்ஜாவில் பலவிதத் தலைகளைப் பார்த்தவன். பக்கத்துக் கடையிலிருந்து பாலில்லாத டீயைப் பெரிய தூக்கில் வாங்கிவந்து ஆறவைத்து அலசிவிட்டான். “இதுவும் நல்லதுதாண்ணே. டிகாக்ஷன் நிறத்த இன்னும் தூக்கிக் குடுக்கும்” என்றான்.

ஆவணியில் ஆற்றில் நிறையத் தண்ணீர் வந்தது. வாய்க்காலில் இறங்கி, பஞ்சநதத்தின் வயலுக்குப் பாய்ந்து, மற்ற பங்காளிகளின் வயலுக்கெல்லாம் பாய்ந்தது. செல்லதுரையின் வரப்பு வந்ததும் நின்றது. தண்ணீர் பாய்ச்சும் பக்கிரி மடையை அகலமாக வெட்டிவிட்டும் அது உள்ளே நுழையவில்லை. கண்ணாடித் தடுப்பு வைத்ததுபோல் மடைவாயில் நிமிர்ந்து நின்று, ஒரு நாழிகை யோசித்துவிட்டுத் திரும்பி மேட்டில் ஏறியது. நாலு பக்கமும் பச்சை விரிந்திருக்க, பிரகதாம்பாளின் நாற்றங்கால் மட்டும் வெடித்தது. பம்புசெட்டைப் போட்டாள். காற்றைக் கக்கியது. மழை பெய்தது, அவள் வரப்புக்கு வெளியே பெய்தது. வயல் அவன் பெயரில் இருந்தது, தண்ணீருக்கு அது தெரிந்திருந்தது. குடத்தில் மொண்டுபோய் நாற்றுக்கு ஊற்றினாள். ஊற்றியது உருண்டு வரப்பைத் தாண்டி ஓடியது. அன்று இடுப்பில் வெறுங்குடத்தோடு வந்து அவள் தாழ்வாரத்தில் நின்றாள்.

“மொட்ட போட்டுக்குங்க. ஆத்துல போய் விழுந்து மன்னிப்புக் கேளுங்க. நாத்து செத்துக்கிட்டிருக்கு.”

“வேற வழி பாப்போம் பிரகதா. நம்ம அப்சரு டீத்தண்ணியிலதான் அலசிவிடறான், அதுமாதிரி ஏதாச்சும்…”

“நாலு ஏக்கருக்கு டீ பாய்ச்சச் சொல்றீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபோது உச்சியில் அந்த நாவல்பழ நிறம் வெயிலில் பளபளத்தது. அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள்.

“இத எடுத்துட்டா எங்கிட்ட என்ன இருக்கு, சொல்லு” என்றான் அவன். “கிழவன்னு அனுப்பிடுவாங்க.”

“யாரு?”

அவன் எழுந்து உள்ளே போனான்.

ஊர் தன் வழக்கப்படி நடந்துகொண்டது. பஞ்சநதம் நேரே வீட்டுக்கு வந்து, “தண்ணி வராத நிலம் தரிசுதானே தங்கச்சி, தரிசு விலைக்கு நானே எடுத்துக்கறேன்” என்றார். குடத்தைக் கவிழ்த்தவர் என்ற முறையில் இதில் தனக்கும் பங்கிருக்கிறது என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மற்ற பங்காளிகள் செல்லதுரை தங்கள் வரப்பில் நடக்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்தார்கள். அவனுக்காக ஒருவரும் பேசவில்லை, அவளுக்காகவும் பேசவில்லை. புரட்டாசி பிறந்த அன்று பிரகதாம்பாள் அவன் சிங்கப்பூர்ப் பெட்டியைத் துடைத்து, வேட்டி சட்டைகளை மடித்து அடுக்கினாள்.

“நீங்க ஊர்ல இல்லாத ஏழு வருஷமும் தண்ணி வந்துச்சுங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. “எங்கயாவது போங்க.”

அவர்களுடைய பத்து வயது மகள் ஜெயபாரதி பஸ் நிறுத்தம்வரை போய் வழியனுப்பினாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டிய நேரத்தில் மடைவாயில் தண்ணீர் சரிந்து உள்ளே விழுந்ததாகப் பக்கிரி சொன்னான். நாற்றில் பாதி பிழைத்தது. மீதிக்குப் பிரகதாம்பாள் மறுபடி விதை தெளித்தாள்.

செல்லதுரை அப்சரிடம் போனான், அவனுக்குப் போக வேறு இடமில்லை. அப்சரின் தாய்மாமன் ஜெய்னுலாபுதீன் வேதாரண்யத்தில் உப்பளம் குத்தகை எடுத்திருந்தார். கோடை முழுவதும் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை ஐப்பசி அடைமழை கரைத்துவிடும். பனையோலை வேய்ந்து மூடினாலும் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அப்சர் சொன்னதைக் கேட்ட ஜெய்னுலாபுதீன் ஒரு வாளித் தண்ணீரைச் செல்லதுரைமேல் வீசிப் பார்த்தார். அது திரும்பிவந்து அவரையே நனைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்பாடு நம்ம வீட்ல, தங்கறது குடோன்ல, ஐப்பசி கார்த்திகை ரெண்டு மாசமும் எந்திரிக்கக் கூடாது தம்பி” என்றார்.

ஐப்பசியில் கடல்பக்கம் இருண்டுகொண்டு வந்தது. அம்பாரங்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லதுரை உட்கார்ந்தான். சுற்றிலும் மழை சுவர்போல் நின்றது. அவனைச் சுற்றிச் சுமார் ஓர் ஏக்கர் வட்டத்தில் ஒரு துளி இல்லை. உப்பு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. பக்கத்துக் குத்தகைக்காரர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் தங்கள் உப்பை மூட்டைகளில் கட்டி அவன் நாற்காலியை நோக்கி நகர்த்தினார்கள், மூன்றாம் வாரம் அவனை இரவோடு இரவாகத் தூக்கிப்போக ஆள் அனுப்பினார்கள். ஜெய்னுலாபுதீன் நாற்காலிக்குக் காவல் போட்டார். அவனை அவருக்குப் பிடித்ததா என்பது தெரியாது. ஓலைச் செலவு மிச்சம் என்பதில் அவருக்குத் திருப்தி. மாதம் ஒருமுறை அப்சர் பஸ் பிடித்து வந்து வேருக்குச் சாயம் பூசி டீயில் அலசிவிட்டுப் போனான்.

அந்த நாற்காலியில் அவனுக்கு நேரம் நிறைய இருந்தது. ஒரு மத்தியானம் தாயின் நினைவு வந்தது. அவள் முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது வேறொருவன் என்பதை அப்போதுதான் முழுதாக யோசித்தான். அழலாம் என்று பார்த்தான். கண்ணீர் இமை ஓரம்வரை வந்து, அது அவன் கன்னம் என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. திரும்பத் திரும்ப முயன்றான். மழைக்கு நடுவே, காய்ந்த கண்களோடு, வாயைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். காவலுக்கு நின்றவர்கள் அவன் கொட்டாவி விடுவதாக நினைத்தார்கள்.

தை மாதத்தில் கீழ்மடையூரில் அறுவடை. அந்த வருடம் பருவம் தவறி மழை வரும்போல் இருந்தது. அறுத்த நெல் களத்தில் கிடந்தது. பிரகதாம்பாள் நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறி, இறங்கி, அடுத்த பஸ் பிடித்து வேதாரண்யம் போனாள். அங்கே மழை முன்னமே பிடித்திருந்தது, அவன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தான். குடையைப் பிடித்துக்கொண்டு உப்பளத்துக்குள் நடந்து, அவனுடைய வட்டத்துக்குள் வந்ததும் குடையை மடக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் இளைத்திருந்தான். தலை மட்டும் கடையிலிருந்து எடுத்துவந்த புதுப் பொருள்போல் இருந்தது.

“சாப்டறீங்களா ஒழுங்கா?” என்றாள்.

“ம்.”

“நெல்லு காயணும். வந்துட்டுப் போங்க. நாத்து விடறதுக்குள்ள திரும்பிடணும்.”

அவன் வந்து களத்தில் உட்கார்ந்தான். நெல் காய்ந்தது. வரப்பில் நடக்கக் கூடாது என்று சொன்ன பங்காளிகள் தங்கள் நெல்லை வண்டியில் கொண்டுவந்து அவனைச் சுற்றிப் பரப்பினார்கள்; பஞ்சநதம் தம்முடையதை அவன் காலடியிலேயே கொட்டிவிட்டு, “நம்ம தம்பிதானே” என்றார். பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படியே நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் மற்ற ஆண்கள் லீவில் வருவதுபோல அவனும் தையில் வந்தான், ஆற்றில் தண்ணீர் வருமுன் போனான். வந்த நாட்களில் பிரகதாம்பாள் ரசம் வைத்தாள். ஒன்றிரண்டு முறை அவன் அருகில் உட்கார்ந்து அந்த முடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். வைக்கோல்போல் இருந்தது என்று பக்கத்து வீட்டில் சொன்னாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஜெயபாரதிக்கு வரன் வந்தது. திருவாரூர்ப் பக்கத்துப் பையன், துபாயில் வேலை. மாப்பிள்ளையின் தாய் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தாள்.

“வேதாரண்யத்துல இருக்காங்க. உப்பளத்துல உக்காந்திருக்காங்க” என்றாள் பிரகதாம்பாள்.

“பர்மனென்ட்டா?”

“மழை பெய்யற வரைக்கும்.”

மாப்பிள்ளை வீட்டார் அந்த உப்பளத்து நாற்காலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பையனுக்கு லீவு ஐப்பசியில்தான் கிடைக்கும். அடைமழைக்காலத்தில் மண்டபம் பிடிக்காமல் வாசலில் பந்தல் போட்டு முடிக்க முடியுமா என்பது அவர்கள் கவலை. சம்பந்தியைப் பந்தலின் நடுக்காலுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பதாக இருந்தால் தங்களுக்குச் சம்மதம் என்றார்கள். ஜெய்னுலாபுதீன் முனகிக்கொண்டே அவனுக்கு இரண்டு நாள் லீவு விட்டார்.