லிஃப்ட் மெக்கானிக் ஏறிய மாடிப்படி

கிழவருக்குத் தொண்ணூற்றொன்று. காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு. ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

"மணிக்கட்டு வழியா குழாய் விட்டு ஸ்டென்ட் வைக்கலாம். ஆனா ரத்தக்கசிவு, கிட்னி பாதிப்புன்னு ஆபத்தும் உண்டு. இல்லேன்னா மருந்தோட நிறுத்திக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "வயசை மட்டும் வெச்சு நான் முடிவு பண்றதில்ல. நேத்து வரைக்கும் எப்படி இருந்தார்? நடமாட்டம் உண்டா?"

மகள் முந்திக்கொண்டாள். "எங்க டாக்டர்! போன வருஷம் விழுந்ததுலேர்ந்து படுக்கைதான். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருப்பார்."

"அப்படின்னா மருந்தே போதும்னு தோணுது. அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம்."

கட்டிலருகே நின்ற கிழவரின் மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். படுக்கையாம், படுக்கை! மகள் ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பினால் போதும், பத்து மணிக்கு மனுஷர் செருப்பை மாட்டிவிடுவார். நான்கு மாடி இறங்கி, பேப்பர் வாங்கிக்கொண்டு, நான்கு மாடி ஏறுவார். எண்பத்தேழு வயதில் இவளும் கூடவே. மகள் திரும்புவதற்குள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முனகுவார். தெரிந்தால் படியிறங்க விடமாட்டாளென்று, இதைப் பற்றி மகளிடம் மூச்சு விடக்கூடாதென்று இவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமலில்லை. நாற்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர் அதில் கால் வைக்க மாட்டார். "அதோட குடலையே பார்த்தவன் நான்" என்பார். அதெல்லாம் சாக்கு. அந்தக் காலத்தில் இவள் ஓர் ஆபீஸ் கட்டடத்தின் ஆறாவது மாடியில் டைப்பிஸ்ட். அங்கே அரை நாளில் முடிகிற லிஃப்ட் ரிப்பேரை ஒன்பது நாள் இழுத்தடித்தார், மகாராசன்! கட்டடமே அவரைத் திட்டிக்கொண்டு படியேறியது. அவர் மட்டும் கருவிப்பெட்டியோடு இவள் பக்கத்தில் ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார்கள். மூச்சு வாங்கியா நின்றார்கள்? ஒன்பதாம் நாள் கல்யாணப் பேச்சை எடுத்தார், அதுவும் பெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டு. அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று!

சத்தியமாவது, மண்ணாங்கட்டியாவது.

"டாக்டரம்மா, அவளுக்குத் தெரியாது. தினம் நாலு மாடி இறங்கி ஏறுவார். நேத்துகூட மூணாவது மாடியில என்னைக் கை பிடிச்சு இழுத்துட்டு வந்ததே அவர்தான்."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா! ஒரு வருஷமாவா என்னை ஏமாத்தினீங்க?"

"அப்புறம் எவ்வளவு வேணா திட்டிக்கோடி. எனக்கு இப்ப அவர் வேணும்."

டாக்டரம்மா கட்டிலருகே குனிந்தார். "தாத்தா, இவங்க சொல்றது நிஜமா?"

கிழவர் மனைவியை முறைத்தார். "போட்டுக் குடுத்துட்டாளா? நிஜந்தான். ஸ்டென்ட்டை வைங்கம்மா. அடைப்பை எடுக்காம ஓட்டறவன் ஒரு மெக்கானிக்கா?"

அன்று மதியமே வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார், வேறு வழியில்லாமல் லிஃப்டில். ஒரு மாதம் கழித்து, "மெதுவா, நின்னு நின்னு படியேறலாம்" என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்தார். அதுவரை மகள் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாளும் ஒன்பதரைக்கு உம்மென்று கிளம்பிப் போனாள்.

பத்து மணிக்கு இருவரும் கதவைத் திறந்தார்கள். முதல் திருப்பத்தில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. மனைவி கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். எல்லாத் திருப்பத்திலும் இரண்டிரண்டாகப் போட்டிருந்தது. உம்மென்று கிளம்பிப் போன மகளின் வேலை! அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிழவர் மெல்ல இறங்கிப் போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"வந்து உக்காரு. லிஃப்ட் இன்னும் ஒன்பது நாளைக்கு ஓடாது."