மூன்றாம் முழுக்கு

உதயரூபன் அத்தானைக் கத்தி வெட்டாது. இதை ஊரில் முதலில் அறிந்தவன் நிதுர்ஷன் மச்சான்.

அத்தான் அடித்து அக்காவின் காதிலிருந்து இரத்தம் வந்த நாள் அது. மாமாவின் மகன் நிதுர்ஷன் வேலியைப் பாய்ந்து, மீன் வெட்டும் கத்தியோடு எங்கள் வளவுக்குள் வந்தான். அத்தான் குசினி வாசலில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மச்சான் நேராக அவரிடம் போனான். அவர் தோளில் ஓங்கி வெட்டினான். அம்மிக்கல்லில் போட்டதுபோலச் சத்தம் கேட்டது. கத்தியின் வாய் மடிந்துவிட்டது. அத்தானின் சட்டை மட்டும் கிழிந்திருந்தது.

"புதுச் சேட்டடா இது," என்றார் அத்தான்.

கோப்பையைப் படியில் வைத்தார். மச்சானின் வலது கையைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்து, விறகு முறிப்பதுபோல முறித்தார். மச்சான் மண்ணில் புரண்டபோது எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. அத்தான் கோப்பையை எடுத்து மிச்சத் தேத்தண்ணீரையும் குடித்தார். பிறகு அக்காவைத் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"உன்ட மச்சான்காரன் எதுக்குடி வந்தவன்?"

ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை அந்தக் கேள்வி கதவுக்குள்ளிருந்து கேட்டது.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அம்மன் கோவில் சடங்கின் கடைசி நாளில் தீ மிதிப்பார்கள். காப்புக் கட்டியவர்கள் முதலில் வாவியில் மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு வந்து தீக்குழியில் இறங்குவார்கள். எல்லோரும் விறுவிறென்று கடந்து போய்விடுவார்கள். அந்த வருடம் அத்தான் நடுக்குழியில் நின்றார். பிறகு பாயில் சாய்வதுபோலத் தணலில் படுத்தார். வேட்டி எரிந்து சாம்பலானது. உடம்பில் ஒரு கொப்புளம் இல்லை. கோவிலில் பூசை செய்யும் கட்டாடியார் வினாயகமூர்த்தி, தன் சால்வையை அவர் இடுப்பில் சுற்றிவிட்டுக் காலில் விழுந்தார்.

அன்றிலிருந்து அத்தான் சாமி. மண் அள்ளும் டிரக்டரை அவர் ஓட்டிவரும்போது சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள். அக்கா கத்தினால் அயலவர்கள் ரேடியோவைக் கூட்டிவைப்பார்கள். எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பது. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். ஆகவே அக்கா அடி வாங்கியது தன் சொந்த வீட்டில், அம்மாவின் கண் முன்னால். அம்மா சீதேவிப்பிள்ளை, விடியற்காலையில் மருமகனின் கால் கழுவிய தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வாள்.

"சாமி அடிக்கிறது அடியில்லகா சுலோ," என்பாள் அக்காவிடம். "வினை கழியுது."

அக்கா சுலோஜனாவுக்கு இருபத்தாறு வயது. அதற்குள் கடைவாயில் நான்கு பற்கள் இல்லை.

அத்தான் இல்லாத பின்னேரங்களில் நானும் அக்காவும் அயலில் இருந்த புஸ்பம் மாமி வீட்டுக்கு டீவியில் நாடகம் பார்க்கப் போவோம். சாதாரண சனங்களுக்குப் பெரிய வல்லமைகள் வந்துவிடுகிற தொடர் அது. அதில் ஒரு பஸ் கொண்டக்டருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும். தையல்காரி ஒருத்தி ஒற்றைக் கையால் லொறியைத் தூக்குவாள்.

"சுவருக்கு அங்கால தெரிஞ்சும் பஸ்சில நிண்டு டிக்கட் கிழிக்கான் பாருங்கா," என்பாள் மாமி. "நம்மட ஊரெண்டா இதுக்குள்ள கோவில் கட்டியிருப்பாங்க."

ஒரு நாள் தையல்காரிக்குக் காய்ச்சல் வந்து, ஊசியில் நூல் கோக்கவும் கை நடுங்கியது. நான் மாமியிடம், "லொறி தூக்கிறவக்குக் காய்ச்சலும் வருமா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஏலுமெண்ட ஆள் எங்க புள்ள இருக்கு? என்னமோ ஒண்டு ஏலாமத்தான் இருக்கும். என்னதெண்டு இந்த நாடகக்காரன் லேசில சொல்லமாட்டான், மறுகா ஆர் பாக்கிறது?"

எனக்கும் ஒன்று ஏலும். அது அக்காவுக்கு மட்டும் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பதினொரு வயதில் அப்பாவோடு தோணியில் போனேன். காற்றில் தோணி கவிழ்ந்து, இரண்டு பேரும் அவருடைய வலைக்குள் அகப்பட்டோம். அப்பா எனக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் செத்தார். முதலில் கால்களை உதைத்தார். பிறகு வாயைத் திறந்தார். கழுத்து நரம்புகள் கயிறுபோலப் புடைத்தன. கடைசியாகக் கண்கள் என்னைப் பார்த்தபடி நின்றன. எனக்கு மூச்சே தேவைப்படவில்லை. விடிந்ததும் அகப்பட்டவள், வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் வலையின் கண்களை ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்து வெளியே வந்தேன்.

அக்காவிடம் சொன்னபோது என் வாயைப் பொத்தினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிராத நிருஷா. ஆம்புளைக்கு வந்தா சாமி எண்டுவாங்க. பொம்புளைக்கு வந்தா பேய் எண்டு வேப்பங்குழையால அடிப்பாங்க."

இந்த வருடச் சடங்குக்கு ஒரு கிழமை இருக்கும்போது அக்கா ஓடப் பார்த்தாள். கல்லடியில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போவதற்கு ஒரு பையில் இரண்டு சட்டைகளோடு பஸ்சுக்கு நின்றாள். அத்தான் டிரக்டரில் வந்து அவளைப் பின்னால் இருந்த மண் பெட்டிக்குள் தூக்கி எறிந்தார். பெட்டியின் விளிம்பில் பட்டு நெற்றி பிளந்தது. பஸ்சுக்கு நின்ற ஒன்பது பேரும் அத்தானைக் கும்பிட்டார்கள்.

சடங்கின் மூன்றாம் நாள் அவர் சாமியாடிக் கட்டுச் சொன்னார். கட்டு என்றால் சாமியின் வாக்கு. அதற்கு மறுவார்த்தை கிடையாது.

"என்ட பொஞ்சாதியில குற்றம் இருக்குடா! கைபிடிச்சுத் தீயில இறக்குவன். குற்றமில்லாட்டி வேகமாட்டாள்!"

பெண்கள் குரவை போட்டார்கள். அம்மாவும் போட்டாள். கட்டாடியார் அங்கேயே அக்காவின் கையில் காப்புக் கட்டிவிட்டார். அக்காவின் கை அவர் கையில் வெறும் துணிபோலத் தொங்கியது.

காப்புக் கட்டிய ஆண்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். அத்தான் கோவிலுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் இருந்தார். கடைசி நாளுக்கு முதல் நாள் பின்னேரம் நானும் அக்காவும் அவருக்கு அவலும் பாலும் கொண்டு போனோம். அவர் அவலை அள்ளி வாயில் போட்டு மென்றபடி சிரித்தார்.

"நடுக்குழியில நிப்பன் சுலோ. உன்ட கையை விடமாட்டன். கால் முதல்ல போகும். மறுகா சீலை பத்தும். மறுகா முகம். சனம் குரவை போட்டுக்கொண்டு பாக்கும். எனக்குக் கொஞ்சம் சூடும் தெரியாது, என்ன?"

அக்காவுக்கு நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அதைப் பார்த்து அத்தான் வாய் நிறைய அவலோடு இன்னும் பெரிதாகச் சிரித்தார். அவல் புரையேறியது.

அவர் இருமவில்லை. இரும முடியவில்லை. முகம் கறுத்தது. கைகள் காற்றைப் பிறாண்டின. கழுத்து நரம்புகள் கயிறுபோலப் புடைத்தன. நான் அதை முன்னமே ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

அக்கா பழக்கத்தில் ஓடிப்போய் அவர் முதுகில் தட்டினாள். அவல் வெளியே வந்து விழுந்தது. அவர் மூச்சு இழுத்தார். பிறகு, தட்டிய கையைப் பிடித்துச் சுண்டுவிரலைப் பின்னால் மடித்து உடைத்தார்.

"ஆர் கேட்டது உன்னை?"

வீட்டுக்கு நடந்தபோது அக்கா விரலைப் பொத்திப் பிடித்திருந்தாள். என் கண் முன்னால் அந்தக் கறுத்த முகம் மட்டுமே நின்றது.

மறுநாள் மத்தியானம், இறால் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அப்பாவின் வலையைக் கொழுக்கியிலிருந்து எடுத்தேன். நான் கடித்த இடங்களை அம்மா பிறகு தைத்து வைத்திருந்தாள். ஒரு நைலோன் கயிறும் எடுத்துக்கொண்டேன். சாமி முழுகுகிற துறைக்கு அருகே தண்ணீருக்குள் ஆழமான ஒரு கிடங்கு இருக்கிறது. அத்தான் டிரக்டரைத் தண்ணீருக்குள் இறக்கி மண் அள்ளி அள்ளி உண்டானது. அதன் அடியில் பழைய மரக்கம்பம் ஒன்று புதைந்திருந்தது. கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டி, மறு முனையை வலையில் கட்டி, சேற்றில் உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் நிறத் தண்ணீரில் ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாயும்வரை இருந்தேன். பறைமேளம் தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, தலைக்கு மேல் வந்து நின்றது.

எல்லோருக்கும் முன்னால் சாமி தனியாக முழுக வேண்டும். அதுவும் முறைதான். கழுத்தளவு தண்ணீருக்கு அவருடைய கால்கள் வந்தன. இரண்டு கால்களிலும் ஒரு தழும்புகூட இல்லை. முதல் முழுக்குக்கு விட்டேன். இரண்டாவதுக்கும் விட்டேன். மூன்றாவதில் தலை உள்ளே வந்ததும் வலையை மேலே போட்டு, கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கிடங்குக்குள் பாய்ந்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பயமில்லை அந்தக் கண்ணில். கோபம்தான். முதல் குத்து என் விலாவில் விழுந்தது, உள்ளே ஏதோ முறிந்தது. இரண்டாவது வாயில். என் பற்கள் இரண்டு நாக்குக்கு மேல் கிடந்தன. அவர் வலையைக் கிழிக்கப் பார்த்தார். நைலோன் வலையை இழுக்க இழுக்க அது இறுகும். கால்விரல்களில், முழங்கையில், காதில் எல்லாம் அது ஏறிக்கொண்டது. அவர் எட்டி என் இடது கையைப் பிடித்து இரண்டு விரல்களை முறித்தார். நான் மற்றக் கையாலும் கால்களாலும் அவரைச் சுற்றிக்கொண்டேன். அவர் என் தோளைக் கடித்தார். கடித்த வாய் பிறகு திறந்தது. தண்ணீர் உள்ளே போவதை என் கன்னத்தில் உணர்ந்தேன்.

அதன் பிறகுதான் பயம் வந்தது அவருக்கு. கெஞ்சுவதுபோல என் முதுகை மெதுவாகத் தட்டினார். அக்கா அவருக்குத் தட்டியதைப்போல.

நான் விடவில்லை.

மேலே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். தண்ணீர் கொதிப்பதுபோல நுரைத்தபோது இளம் பொடியன்கள் இரண்டு பேர் குதிக்கப் போனார்களாம். கட்டாடியார் பிரம்பால் அவர்கள் நெஞ்சில் அடித்துத் தடுத்தாராம்.

"ஒருத்தனும் இறங்கப்படா! தீ சுடாத சாமிய தண்ணி என்னடா செய்யும்? உள்ளுக்க தவம் இருக்கார்!"

குரவை எழுந்தது. மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். எனக்கு அது கேட்டது. அத்தானுக்கும் கொஞ்ச நேரம் கேட்டிருக்கும்.

அவர் கண்கள் என்னைப் பார்த்தபடி நின்ற பிறகும் நான் நெடுநேரம் பிடித்திருந்தேன். பிறகு வலையைக் கழற்றி, கயிற்றை அவிழ்த்து, அவரைத் தள்ளிவிட்டேன். ஒரு பாட்டம் குரவை முடிவதற்குள் சாமி முதுகு காட்டி மிதந்தது. மேளம் ஒவ்வொன்றாக நின்றது.

அவரைக் கரையில் கிடத்தினார்கள். மூக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் வழிந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதனால் யாரும் கொலை என்று நினைக்கவில்லை. "அம்மன் எடுத்திட்டா," என்று கட்டாடியார் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"தீ மூட்டியாச்சு புள்ள. வாக்கு வாக்குத்தான். நீ இறங்கத்தான் வேணும்."

சனம் அக்காவுக்கு வழிவிட்டது. அக்கா உடைந்த சுண்டுவிரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் வாய் திறந்ததை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை.

"சாமி என்ன சொன்னது? கைபிடிச்சு இறக்குவன் எண்டுதானே? தனிய இறங்கச் சொல்லல்லையே. நான் இறங்கிறன். சாமிய எழும்பி வந்து என்ட கையைப் பிடிக்கச் சொல்லுங்க."

சனம் கரையில் கிடந்த உடம்பைப் பார்த்தது.

"சொல்லுங்களன். இஞ்சதானே கிடக்கு."

கட்டாடியார் பிரம்பைக் கீழே போட்டார். பொடியன்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தீக்குழியை அணைத்தார்கள்.

நான் தண்ணீருக்குள்ளாலேயே போய், கரையோரத்துக் கண்ணா மரப் பற்றைக்குள் ஏறி, வளவின் பின்பக்கத்தால் வீட்டுக்கு வந்தேன். செத்தவீட்டுக்கு ஆயத்தம் செய்யவென்று அம்மா முன்னதாகவே வந்திருந்தாள். குசினியில் விளக்கைக் கொளுத்திக்கொண்டிருந்தவள் என் வாயைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், தோளில் இருந்த பல் அடையாளத்தைப் பார்த்தாள். பிறகு வெறும் கொழுக்கியைப் பார்த்தாள்.

"எங்க போனாய்?"

"இறால் பிடிக்க."

அம்மா மஞ்சளை அரைத்துச் சூடாக்கினாள். என் விரல்களை நேராக்கி, ஈர்க்குத் துண்டுகளை வைத்துத் துணியால் சுற்றினாள். நான் கத்தாமல் இருந்தேன். வெளியே சனம் வரும் சத்தம் கேட்டது. அக்கா அவர்களுக்கு முன்னால் தன் காலால் நடந்து படலையைத் திறந்தாள்.

"அப்பா போன அண்டைக்கும் நீ உச்சி வெயில் வரைக்கும் தண்ணிக்குள்ளதான் இருந்தாய்," என்றாள் அம்மா, துணியைச் சுற்றியபடி. "தலைமயிரில பாசி இருந்திச்சு. நான் ஒண்டும் கேக்கல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏன் புள்ள, அப்பாவையும் அவிழ்த்துக் கொண்டு வந்திருக்க ஏலாதா?"

"வலை இறுகிட்டும்மா. அப்ப எனக்குப் பதினொரு வயசு."

அம்மா முடிச்சைப் போட்டாள். அது இறுக்கமாக விழுந்துவிட்டது. ஒரு கணம் பார்த்துவிட்டு, அதை அவிழ்த்து, கொஞ்சம் இளக்கமாக மறுபடியும் கட்டினாள். பிறகு வாசலுக்குப் போய், அக்காவின் கையிலிருந்த காப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.